நொறுக்கு: தடைக்காலத்தில் சொந்தமாக ஒரு பாஸ்வேர்டு ஹாஷ் செய்த விதம்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகும்முன் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு போகும். காசு, திரும்பி வந்து மீன் விற்ற பிறகுதான். எந்தப் படகு எத்தனை பார் எடுத்தது, எவ்வளவு பாக்கி என்று தினமும் சண்டை. ஆபீசில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, அவரவர் பாஸ்வேர்டு போட்டு அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்படி வைத்தேன். ப்ரோக்ராம் மொழிகளில் பாலிடெக்னிக்கில் படித்த சி, பிறகு நானே தட்டித் தடவிக் கற்ற பைத்தான், அவ்வளவுதான் என் சரக்கு.

ரெண்டு படகு வைத்திருக்கும் ஆயா ஒருத்தர் ஒருநாள் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா நைனா, நான் இன்னா போட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். ஃபைலைத் திறந்தால் எல்லாருடையதும் வரிசையாக நிற்கும். ஆயா போட்டது செத்துப்போன புருஷன் பேர். "தெரியாது ஆயா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பொய் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காமல், அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி நொறுக்கி, அந்த நொறுக்கலை மட்டும் வைத்துக்கொள்வதற்குத்தான் ஹாஷ் என்று பெயர். அடுத்தமுறை அவர் பாஸ்வேர்டு போடும்போது அதையும் நொறுக்கி, ரெண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

ஆபீஸ் கணக்குக்கு ஆர்கான்2 என்ற தயார் சரக்கைப் போட்டேன். அரைநாள் வேலை. பழைய ஃபைலை அழித்துவிட்டு எல்லாரையும் புதுசாகச் சேர்த்து, வேறு பாஸ்வேர்டு போடவைத்தேன். 2013-ல் அறிவித்த பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் வந்த 24 ஹாஷ்களை உலகத்திலுள்ள கைதேர்ந்தவர்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் கிண்டிக் கிளறி, 2015-ல் ஜெயித்தது என்று அறிவித்த சரக்கு அது. நான் செய்ததைப் பரிசோதித்தது நானும் என் அக்கா பையனும். ஆகவே நீங்களும் இங்கே சொல்வதைச் செய்து பார்த்தால் அது உங்கள் லேப்டாப்போடு இருக்கட்டும். அடுத்தவர் பாஸ்வேர்டு ஒன்றுகூட அதில் விழக்கூடாது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், வலை தைக்கிற ஆட்கள் நிழலில், ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு வேலை இல்லை. எனக்கும் இல்லை. அந்த 61 நாளில் பிறந்ததுதான் 'நொறுக்கு'.

கூட்டிப் பார்ப்பதில் தொடங்குங்கள்

முதல்நாள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்; இலக்கம் 1 என்பது 49, 2 என்பது 50, அப்படியே வரிசையாக. பாஸ்வேர்டிலுள்ள எண்களையெல்லாம் கூட்டினால் ஹாஷ். 1234 போட்டால் 49, 50, 51, 52 கூட்டி 202. 4321 போட்டாலும் 202. 2143-க்கும் 202. இடம் மாறினால் விடை மாறவேண்டும் என்ற முதல் பாடம் இங்கேயே கிடைத்துவிடும். இதற்கு மேல் கூட்டலில் ஒன்றும் இல்லை, தாண்டிப் போங்கள்.

அடுத்ததைக் கம்ப்யூட்டரில் எழுதாதீர்கள். ஒரு காகிதத்தில் கையால் போடுங்கள். 0 முதல் 255 வரைக்கும் எண் கொள்ளும் ஒரே ஒரு டப்பா, அதாவது 8 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் ஒரு இடம்). அதில் முதலில் 7 வைக்கிறோம். ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு வேலை: எழுத்தின் எண்ணை டப்பாவோடு எக்ஸார் செய், பிறகு 13-ஆல் பெருக்கி, 256-ஆல் வகுத்த மீதியை மட்டும் வை. எக்ஸார் என்பது ரெண்டு எண்ணின் பிட்டுகளைக் கீழும் மேலுமாக எழுதி, ஒன்றுபோல் இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 போடுவது.

7 என்பது 00000111. 49 என்பது 00110001. எக்ஸார் செய்தால் 00110110, அதாவது 54. 54-ஐ 13-ஆல் பெருக்க 702, அதில் 512 போக 190. முதல் இலக்கம் முடிந்தது. 190-ஐ 50-உடன் எக்ஸார் செய்ய 140, பெருக்கி மீதி எடுக்க 28. 28-ஐ 51-உடன் செய்ய 47, பெருக்கினால் 99. 99-ஐ 52-உடன் செய்ய 87, பெருக்கினால் 107. ஆக 1234-க்கு 107. இதையே 4321-க்குப் போட்டால் 147 வரும். இடம் மாறியதும் விடை மாறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கலங்கரை விளக்கத்தையே கட்டி முடித்த மாதிரி இருந்தது.

அக்கா பையன் கொருக்குப்பேட்டையில் இருக்கிறான். இன்ஜினியரிங் மூணாவது வருஷம். சைக்கிளில் வந்தவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, அடுத்தடுத்த நம்பருக்குப் போட்டு பாருங்க" என்றான்.

1234-க்கு 107. 1235-க்கு 94. 1236-க்கு 81. 1237-க்கு 68.

பதின்மூன்று பதின்மூன்றாகப் படி இறங்குகிறது. ஒளித்து வைத்தேன் என்று நான் நினைத்த 13 பட்டப்பகலில் வெளியே நிற்கிறது. இன்னும் ஒன்று: கடைசி இலக்கம் மாறி மாறி ரெட்டைப்படை, ஒற்றைப்படை, விடையும் அதற்கேற்ப ஒற்றைப்படை, ரெட்டைப்படை. காரணம் எளிது. பெருக்கலில் விஷயம் வலமிருந்து இடமாகத்தான் போகும். நாம் கணக்குப் போடும்போது பத்துக்கு மேல் போனால் இடப்பக்கம் ஏற்றுகிறோம், வலப்பக்கம் ஒன்றும் இறங்குவதில்லை. ஆகவே கடைசி பிட்டுக்கு மேலேயுள்ள பிட்டுகளின் செய்தி ஒருநாளும் எட்டாது. ஒற்றைப்படை எண்ணால் பெருக்குவதால் அந்தக் கடைசி பிட் அப்படியே நிற்கிறது.

மருந்து: முடிவில் மேல்பாதியைக் கீழ்பாதியோடு எக்ஸார் செய்யவேண்டும். டப்பாவை நாலு பிட் வலப்பக்கம் தள்ளி, தள்ளாததோடு எக்ஸார் செய்து, 29-ஆல் பெருக்கி, மறுபடி ஒருமுறை தள்ளி எக்ஸார் செய்தேன். 107, 94, 81, 68 என்பது 92, 75, 140, 68 ஆகிவிட்டது. படி காணாமல் போச்சு. 68 மட்டும் உள்ளே போய் 68 ஆகவே திரும்பி வந்தது. அது தற்செயல், ஆனால் அக்கா பையன் ரொம்ப நேரம் சிரித்தான்.

இனி இதை 32 பிட் டப்பாவுக்கு வளர்த்து கம்ப்யூட்டரில் எழுதலாம். அதில் நான் விழுந்த குழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பைத்தானில் எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு 4294967296-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைக்காவிட்டால் டப்பா வழிந்துகொண்டே போகும். பைத்தானிலேயே ஹாஷ் என்ற பெயரில் தயாராக ஒரு ஃபங்ஷன் உண்டு. அதை எடுத்து ஒட்டவைக்காதீர்கள். ப்ரோக்ராமை மூடித் திறந்தால் அதே வார்த்தைக்கு வேறு விடை தரும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

பெருக்கும் எண்ணாக என் பைக் நம்பரைப் போட்டேன். அது ரெட்டைப்படை. ரெட்டைப்படையால் பெருக்கும் ஒவ்வொரு முறையும் பழைய செய்தி ஒரு பிட்டாவது இடப்பக்கமாக நகர்ந்து வெளியே கொட்டும். 32 பெருக்கலில் டப்பா காலி. இங்கிலீஷ் பாஸ்வேர்டில் இது சட்டென்று தெரியாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) என்பதால், 12 குறி உள்ள பாஸ்வேர்டில் முதல் குறி எதுவாக இருந்தாலும் ஒரே விடைதான் வந்தது. அப்புறம்தான் எண்களை எங்கிருந்து எடுப்பது என்று தேடினேன். ஷா-256 என்ற பேர்போன ஹாஷைச் செய்தவர்கள் பகா எண்களின் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எடுத்திருக்கிறார்கள். 2-இன் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 4294967296-ஆல் பெருக்கினால் 1779033703. 3-க்கு 3144134277. யார் வேண்டுமானாலும் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம், இதில் கள்ளவேலை ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் அப்படி. நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு குழி சியில். வேகத்துக்காக சியில் திருப்பி எழுதியபோது தமிழ் பாஸ்வேர்டுக்கு லேப்டாப்பில் ஒரு விடை, அக்கா பையனின் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் வேறு விடை. இங்கிலீஷுக்கு ரெண்டிலும் ஒரே விடை. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். சியில் எழுத்தை வைக்கும் கேர் என்ற வகைக்கு மைனஸ் உண்டா இல்லையா என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். தமிழ் பைட் எல்லாம் 127-க்கு மேல். லேப்டாப் அவற்றை மைனஸ் எண்ணாக எடுத்துக்கொண்டது, போர்டு எடுக்கவில்லை. மைனஸ் வேண்டாம் என்று சொல்லும் அன்சைன்டு என்ற ஒரு வார்த்தையில் தீர்ந்தது. பிகிரிப்ட் என்ற பேர்போன ஹாஷுக்கு எழுதி உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு கோடிலேயே 2011-ல் இதே தப்பைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒன்றுகூட மோதவில்லை

ரெண்டு வெவ்வேறு பாஸ்வேர்டுக்கு ஒரே விடை வந்தால் மோதல். இதற்கு ஒரு பரீட்சை வைத்தேன். 26 எழுத்தும் 10 இலக்கமும் சேர்ந்து 36. நாலு இடத்தில் போட்டால் மொத்தம் 16,79,616 பாஸ்வேர்டு. அத்தனையையும் 'நொறுக்கு'வில் போட்டு விடைகளை வரிசைப்படுத்தி, பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் வருகிறதா என்று எண்ணவேண்டும். ப்ரோக்ராம் ஓடி முடித்து மோதல் 0 என்று காட்டியது. பதினாறே முக்கால் லட்சத்தில் ஒன்றுகூட இல்லை! பீச் ஸ்டேஷன் பக்கம் போய் ரெண்டு பேரும் அத்தோ சாப்பிட்டுவிட்டு வந்தோம். காசு நான் கொடுத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வரும்போதே அவன் கேட்டான்: "ஏன் மாமா ஒன்னுகூட வரல?"

அதுதான் இந்த 61 நாளில் கேட்ட நல்ல கேள்வி. 32 பிட்டில் மொத்தம் 429 கோடி இடம்தான். கண்ணை மூடிக்கொண்டு 16,79,616 கல்லை அதில் எறிந்தால் சில இடத்தில் ரெண்டு கல் விழத்தான் வேண்டும். கணக்கு இப்படி: எத்தனை கல்லோ அதைத் தன்னாலேயே பெருக்கி, இடங்களின் எண்ணிக்கையைப்போல் ரெண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை 328. நியாயமான ஹாஷ் என்றால் சுமார் 328 மோதல் வந்திருக்க வேண்டும். 300 வந்தாலும் சரி, 350 வந்தாலும் சரி. 3000 வந்தால் ஹாஷ் மோசம். 0 வந்தாலும் மோசம்தான்.

அந்த நாளில் நான் நாலு பைட்டை ஒரே வாயாக டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு எழுத்து பாஸ்வேர்டு முழுசாக ஒரு டப்பா. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் எக்ஸார், ஒற்றைப்படைப் பெருக்கல், தள்ளி எக்ஸார். இவை எதுவுமே செய்தியை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது அவ்வளவுதான். ஆளுக்கொரு சீட்டு என்று பிரித்துக் கொடுத்ததால் மோதல் இல்லை. அப்படியென்றால் பின்பக்கமாகவும் நடக்கலாம்.

காகிதத்துக்குத் திரும்பினோம். 13-ஆல் பெருக்கியதை எப்படிக் கழற்றுவது? 13-ஐ 197-ஆல் பெருக்கினால் 2561. 256-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 197-ஆல் பெருக்குவது 13-ஆல் பெருக்கியதை ரத்துசெய்யும். நம்முடைய 107-ஐ எடுங்கள். 107-ஐ 197-ஆல் பெருக்க 21079. அதில் 256-இன் மடங்கான 20992-ஐக் கழிக்க 87. மேலே போய்ப் பாருங்கள், பெருக்கும்முன் டப்பாவில் இருந்தது அதே 87. அதைக் கடைசி இலக்கமான 52-உடன் எக்ஸார் செய்தால் 99. மறுபடி 197. இப்படியே தொடக்கத்துக்குப் போய்விடலாம். 32 பிட் 'நொறுக்கு'வை அக்கா பையன் ஒரு மத்தியானத்தில் திருப்பி எழுதினான். ஹாஷைக் கொடுத்தால் நாலு எழுத்து பாஸ்வேர்டு கையில் வந்து விழுந்தது. தேடவே வேண்டாம், ஊகிக்கவே வேண்டாம். நான் செய்தது ஐஸ் உடைக்கிற மிஷின் இல்லை. ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி வைத்திருந்தேன்.

இந்தப் பரீட்சையை நீங்கள் கட்டாயம் வைக்கவேண்டும். பெரிய ஹாஷாக இருந்தால் விடையில் 32 பிட்டை மட்டும் வெட்டி எடுத்து எண்ணுங்கள். எதிர்பார்க்கிற எண்ணை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஓட்டிய பிறகு எழுதினால் வந்த விடைக்கு ஏற்ற மாதிரி மனசு கணக்கை வளைத்துக்கொள்ளும்.

கேரம் போர்டு மாதிரி 16 கட்டம்

பின்பக்கமாக நடக்க முடியாமல் செய்ய ரெண்டு வழி பார்த்தேன். ஷா-256-இல் 64 சுற்று கலக்கிய பிறகு, கலக்கும்முன் இருந்த நிலையை மறுபடி கூட்டிவிடுகிறார்கள். 2012-ல் ஷா-3 போட்டியில் ஜெயித்த கெச்சாக் என்ற ஹாஷ் வேறு மாதிரி: 1600 பிட் உள்ளே வைத்துக் கலக்கிவிட்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் விடையாக வெளியே கொடுக்கிறது. மீதி தெரியாதவனால் திரும்பி நடக்க முடியாது. எனக்கு ரெண்டாவது பிடித்தது, எழுதவும் சுலபம்.

செய்முறை இது. 32 பிட் டப்பா 16 எடுத்து நாலுக்கு நாலாக வையுங்கள். முதல் 16 பகா எண்களின் வர்க்கமூலத்தால், அதாவது 2 முதல் 53 வரை, நிரப்புங்கள். உப்பையும் பாஸ்வேர்டையும் (உப்பு எது என்று அடுத்துச் சொல்கிறேன்) ஒட்டி, முடிவில் 128 என்ற பைட்டைச் சேர்த்து, 32-இன் மடங்காகும்வரை சைபர் போட்டு நிரப்புங்கள்; அந்த 128 இல்லாவிட்டால், கடைசியில் சைபர் பைட் உள்ள பாஸ்வேர்டும் இல்லாததும் ஒன்றாகிவிடும். 32 பைட்டாக எடுத்து மேல் 8 டப்பாவோடு மட்டும் எக்ஸார். கீழ் 8 டப்பாவை வெளியாள் தொடவே கூடாது. பிறகு கலக்கு.

கலக்குவதற்குக் கூட்டல், சுழற்றல், எக்ஸார் மூன்றும் போதும், பெருக்கல் வேண்டாம். சுழற்றல் என்றால் இடப்பக்கம் விழும் பிட்டை எடுத்து வலப்பக்கம் சொருகுவது, ஒன்றும் கொட்டாது. நாலு டப்பாவை ஒரு நெடுவரிசையாக எடுத்து: முதலாவதில் ரெண்டாவதைக் கூட்டு, அதை நாலாவதோடு எக்ஸார் செய்து நாலாவதைச் சுழற்று, மூன்றாவதில் நாலாவதைக் கூட்டு, அதை ரெண்டாவதோடு எக்ஸார் செய்து ரெண்டாவதைச் சுழற்று. இதையே இன்னொருமுறை. சுழற்றும் அளவுகள் 16, 12, 8, 7. இவை டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008-ல் செய்த சாசா என்ற ரகசியக் குறியீட்டு முறையிலிருந்து நான் கடன் வாங்கியது. நாலு நெடுவரிசையும் முடிந்ததும் மூலைவாட்டத்தில் நாலு. கேரமில் நேராக அடித்துவிட்டுக் கட் ஷாட் அடிப்பது மாதிரி. சுற்று எண்ணை ஒரு டப்பாவில் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் மேல் 8 டப்பாதான் ஹாஷ், 256 பிட்.

எத்தனை சுற்று? இதற்குத்தான் பனிச்சரிவுப் பரீட்சை. ஒரு பாஸ்வேர்டில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் விடையில் பாதி பிட் மாறவேண்டும். 256-இல் சராசரி 128, பெரும்பாலான தடவை 112-க்கும் 144-க்கும் நடுவே. பத்தாயிரம் தடவை ஓட்டிச் சராசரி எடுத்தேன். ஆனால் சராசரியை நம்பாதீர்கள். எங்கள் ஆபீசில் சராசரியாக எல்லாப் படகும் ஒழுங்காகக் காசு கட்டுகிறது. ரெண்டு படகு மட்டும் ஒரு வருஷமாகக் கட்டவே இல்லை. உள்ளே போகிற ஒவ்வொரு பிட்டும் குறுக்கே, வெளியே வருகிற ஒவ்வொரு பிட்டும் கீழே என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை தடவை மாறியது என்று நிறத்தால் காட்டுங்கள். பழைய 32 பிட் நொறுக்குவில் சராசரி நன்றாகவே இருந்தது. கட்டத்தில் வலது ஓரம் மட்டும் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது.

புதியதற்கு இன்னொன்றும் செய்தேன். சுற்றைக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே உடைகிறது என்று பார்த்தேன். 1 சுற்றில் கட்டம் பாதி வெறிச்சோடிக் கிடந்தது. 2-இல் அங்கங்கே ஓட்டை. 3-இல் எல்லாம் ஒரே நிறம். 12 வைத்துக்கொண்டேன். 3 சுற்றில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் 3 சுற்றில் பலவீனம் இல்லை என்று ஆகாது. என் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி உப்பு. ஐஸ் கம்பெனிக்காரனுக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உப்புத் தண்ணித் தொட்டியில் கேனை இறக்கித்தான் நாங்கள் பாரையே உறையவைக்கிறோம். ஹாஷில் உப்பு என்பது ஆளுக்கு ஆள் வேறாக, பாஸ்வேர்டோடு சேர்க்கும் தற்செயல் எண்; ஹாஷ் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம், ரகசியம் இல்லை. 1979-ல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் யுனிக்ஸ் பாஸ்வேர்டு பற்றி எழுதியபோது உப்பு 12 பிட், 4096 வகை. இன்றைக்கு 16 பைட் போடுங்கள். பைத்தானில் சீக்ரெட்ஸ் என்ற மாட்யூலிலிருந்து எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து உப்பு போடாதீர்கள், ஒரே நொடியில் ரெண்டு பேரைச் சேர்த்தால் ரெண்டு பேருக்கும் ஒரே உப்பு.

அப்புறம் வேகத்தைக் குறைக்கவேண்டும். வேகமாக ஓடுவது பாஸ்வேர்டு ஹாஷுக்குக் குற்றம்; ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் அது வசதி. விடையை மறுபடி உள்ளே கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு பாஸ்வேர்டுக்குக் கால் நொடி ஆகும்படி செய்தேன். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டையும் தடவை எண்ணையும் கூடவே கலக்குங்கள். வெறும் விடையையே சுற்றவிட்டால் மோதியவை மோதி மோதிக் குறையும். 32 பிட் ஹாஷை 1000 தடவை அப்படிச் சுற்றினால் 429 கோடி விடையில் சுமார் 86 லட்சம்தான் மிஞ்சும். நினைவகம் தின்னவும் வையுங்கள்: நான் 64 எம்பி அட்டவணை ஒன்றை நிரப்பி, விடை சொல்லும் இடத்தைப் போய்ப் படிக்கவைத்தேன். 2009-ல் வந்த எஸ்கிரிப்ட் என்ற பாஸ்வேர்டு ஹாஷின் யோசனை அது. உடைக்கிறவனின் கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கில் கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) இருக்கும், ஆளுக்கு 64 எம்பி கிடைக்காது.

நேரம் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. முதலில் லட்சம் தடவைக்கு 0 நொடி என்று வந்தது. விடையை நான் எங்கும் பயன்படுத்தாததால், இந்த வேலையே வேண்டாம் என்று, எழுதியதை மிஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் லூப்பையே தூக்கிவிட்டிருந்தது. விடையைப் பிரிண்ட் செய்யுங்கள்.

அக்கா பையன் உடைத்தது

ஜூன் முதல் வாரம் நானே கற்பனையாக 40 பாஸ்வேர்டு எழுதினேன். எங்கள் ஏரியா ஆள் எப்படிப் போடுவாரோ அப்படி: படகு நம்பரின் கடைசி நாலு இலக்கம், பைக் நம்பர், பிள்ளை பேர், அந்தோணியார், சந்தியாகப்பர், ஹீரோ பேர். நொறுக்கி, 40 ஹாஷையும் உப்பையும் ப்ரோக்ராமையும் அவனிடம் கொடுத்தேன். ப்ரோக்ராமை மறைக்கவில்லை, செய்முறை தெரிந்தால் உடைகிற பூட்டு பூட்டே இல்லை.

நாலு இலக்கம் என்றால் பத்தாயிரம்தான். கால் நொடிக்கு ஒன்று என்றால் 42 நிமிஷம். உப்பு இல்லாதிருந்தால் அந்த 42 நிமிஷத்தில் 40 பேரையும் ஒரே தடவையில் சோதித்திருப்பான். உப்பு இருந்ததால் ஆளுக்கு 42 நிமிஷம், மொத்தம் 28 மணி நேரம். நாலு கோரில் பிரித்து ஓட்டி, சாயங்காலம் ஆரம்பித்ததை ராத்திரி தூங்கி எழுந்தபோது முடித்துவிட்டான். சந்தியாகப்பரையும் ஹீரோக்களையும் 600 பேர் கொண்ட ஒரு பட்டியலால் பிடித்தான். 40-இல் 26 போச்சு. ஹாஷில் கைவைக்கவே இல்லை, முன்வாசல் வழியாகவே வந்தான்.

மிஞ்சிய 14-இல் ஒன்றைப் பார்த்து, "இதுல ஏதோ கோளாறு மாமா, 'கொடி'ன்னு என் லிஸ்ட்ல இருக்கு, சிக்கல" என்றான். கோளாறுதான், என்னுடையது. 'கொ'வை ரெண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே குறியாக ஒகரக் குறி, அல்லது முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் தனித்தனியாக. திரையில் ரெண்டும் ஒரே 'கொடி'. கம்ப்யூட்டருக்கு ஒன்று 12 பைட், மற்றது 15 பைட். என் கீபோர்டு ஒரு விதம், அவன் போன் வேறு விதம். நிஜத்தில் இது நடந்தால் ஒரு ஆள் சரியான பாஸ்வேர்டைப் போட்டும் உள்ளே போகமுடியாது. நொறுக்குவதற்குமுன் யூனிகோட் நார்மலைஸ் செய்து எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பைத்தானில் ஒரு வரி. தமிழுக்கு இன்னொரு விசேஷம்: ஒவ்வொரு குறியின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224, ரெண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் மாறும். ஆகவே மேலே சொன்ன எல்லாப் பரீட்சையையும் தமிழ் வார்த்தைகளை வைத்தும் ஓட்டுங்கள். மந்தமான ஹாஷ் அங்கேதான் முதலில் பல்லிளிக்கும்.

ஜூன் 14 ராத்திரி படகுகள் ஐஸ் ஏற்ற வரிசையில் நின்றன. மிஷின் சத்தத்தில் லேப்டாப்பை மூடி வைத்தேன். ரெண்டு நாள் கழித்து ஆயா வந்து உட்கார்ந்தார். 61 நாளில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

"நைனா, நான் இன்னா போட்டு வெச்சிருந்தேன், பார்த்துச் சொல்லு."

"எனக்குத் தெரியாது ஆயா." இந்தமுறை பொய் இல்லை. "பார்க்கவும் முடியாது. புதுசா வேணா போட்டுக்கலாம்."

புதுசு போடும் வழியை ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். நான் அன்றைக்கு அவசர அவசரமாக எழுதினேன். ஸ்கிரீனை ஆயா பக்கம் திருப்பிவிட்டு, நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். அழுத்தும்போது ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.